நெறி கட்டும் இடத்தில் ஒரு சமாதானப் படை

காற்பந்து விளையாடும்போது விழுந்து முழங்காலில் சிராய்த்துப் புண்ணாகிவிட்டது. இரண்டு நாள் கழித்துத் தொடை இடுக்கில் சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி தட்டுப்படுகிறது. தொட்டால் வலிக்கிறது. பாட்டியிடம் காட்டினால் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்: "நெறி கட்டியிருக்குப்பா. புண்ணு ஆறினா தானா போயிடும்." தொண்டை வலி வந்தால் இதே கட்டி தாடைக்குக் கீழே வரும். கையில் புண் வந்தால் அக்குளில் வரும்.

பாட்டி சொல்வது சரிதான். அவர் நெறி என்று சொல்வதைத்தான் உங்கள் உயிரியல் பாடநூல் நிணநீர்க் கணு என்கிறது. நம் உடலில் இப்படிப்பட்ட கணுக்கள் சுமார் 600 இருக்கின்றன. கிருமியோடு போரிடும் வெள்ளை அணுக்கள் அங்கே கூடிப் பெருகுவதால் கணு வீங்குகிறது. இது வரைக்கும் பலருக்குத் தெரிந்திருக்கும்.

பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. அந்த வீங்கிய கணுவுக்குள் சண்டைக்காரர்கள் மட்டும் இல்லை. சண்டை எல்லை மீறாமல் பார்த்துக்கொள்ளும் சமாதானப் படை ஒன்றும் அங்கே சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்தப் படையின் பெயர் ஒழுங்குபடுத்தும் டி உயிரணுக்கள். அறிவியலாளர்கள் சுருக்கமாக டி-ரெக் என்பார்கள். நாமும் அப்படியே அழைப்போம்.

2025ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு இந்த உயிரணுக்களைப் பற்றிய கண்டுபிடிப்புகளுக்குத்தான் கிடைத்தது. ஜப்பானைச் சேர்ந்த ஷிமோன் சகாகுச்சி, அமெரிக்காவைச் சேர்ந்த மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் ஆகிய மூவரும் அதைப் பகிர்ந்துகொண்டார்கள். டி-ரெக் என்ன செய்கிறது என்பது ஒரு கேள்வி. கண்ணும் காதும் வரைபடமும் இல்லாத ஓர் உயிரணு, உடல் முழுவதும் பயணம் செய்து தேவையான இடத்தில் எப்படிப் போய் நிற்கிறது என்பது இன்னொரு கேள்வி. இந்த வாரம் அந்த இரண்டாவது கேள்வியைப் பின்தொடர்ந்து போவோம்.

சமாதானப் படை இல்லாவிட்டால் என்ன ஆகும்?

1969ஆம் ஆண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒரு விந்தையைக் கண்டார்கள். பிறந்து மூன்று நாளான எலிக்குட்டிகளின் தைமஸ் சுரப்பியை அகற்றினார்கள். டி உயிரணுக்கள் பக்குவப்படும் இடம் தைமஸ். ஆகவே நோய் எதிர்ப்பாற்றல் குறையும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால், அந்தப் பெண் எலிகளின் கருப்பைகளுக்கு அருகிலுள்ள சூலகங்கள் அழிந்து போயின. பிறகு நடந்த ஆய்வுகளில், எலியின் சொந்த எதிர்ப்பு அணுக்களே அவற்றைத் தாக்கின என்று தெரிந்தது.

இளம் ஆய்வாளராக இருந்த சகாகுச்சியை இந்தப் புதிர் பிடித்துக்கொண்டது. ஆரோக்கியமான எலியின் டி உயிரணுக்களை எடுத்து, தைமஸ் இல்லாத எலிகளுக்குச் செலுத்தினார். அந்த எலிகள் நோயிலிருந்து தப்பின. அப்படியானால் டி உயிரணுக்களுள் ஒரு பகுதி தாக்குவதற்காக அல்ல, அடக்குவதற்காகவே இருக்க வேண்டும். அந்தப் பகுதி எது என்று தேடி அவருக்குப் பல ஆண்டுகள் கழிந்தன. 1995இல் விடை கிடைத்தது. மேற்பரப்பில் சிடி25 என்னும் புரதத்தைத் தாங்கிய டி உயிரணுக்களே அவை.

இன்னொரு பக்கம், அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் 1940களில் பிறந்த ஓர் எலி வகை இருந்தது. அதன் ஆண் குட்டிகளுக்குத் தோல் செதில் செதிலாக உரிந்து, மண்ணீரலும் நிணநீர்க் கணுக்களும் பெருத்து, சில வாரங்களில் இறந்துபோகும். எந்த மரபணுவில் கோளாறு என்று பிரன்கோவும் ராம்ஸ்டெலும் தேடினார்கள். சந்தேகப் பட்டியலில் இருந்தவை 20 மரபணுக்கள். ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டே வந்தார்கள். இருபதாவது மரபணுவில்தான் கோளாறு இருந்தது! 2001இல் அதை வெளியிட்டார்கள். அதன் பெயர் ஃபாக்ஸ்பி3.

அதே மரபணு கெட்டுப்போன மனிதக் குழந்தைகளும் உண்டு. ஐபெக்ஸ் என்னும் அரிய நோய் அது. பெரும்பாலும் ஆண் குழந்தைகளைப் பாதிக்கும். கைக்குழந்தைப் பருவத்திலேயே நீரிழிவு, ஓயாத வயிற்றுப்போக்கு, தோல் அழற்சி எல்லாம் சேர்ந்து வரும். கிருமி எதுவும் காரணமில்லை. தன் உடலைத் தானே தாக்கும் போரை நிறுத்த ஆளில்லை என்பதே காரணம். டி-ரெக் உருவாகவும் வேலை செய்யவும் ஃபாக்ஸ்பி3 தேவை என்பது 2003இல் உறுதியானது.

முதல் நிறுத்தம்: தைமஸ்

எல்லா வெள்ளை அணுக்களையும் போல டி உயிரணுவின் மூதாதை எலும்பு மஜ்ஜையில் பிறக்கிறது. அங்கிருந்து இரத்தத்தில் மிதந்து, நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே இருக்கும் தைமஸுக்குப் போய்ச் சேருகிறது. தைமஸை ஒரு பள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். எஸ்.பி.எம். தேர்வு கடினம் என்று நினைக்கிறீர்களா? தைமஸ் பள்ளியில் நூற்றுக்கு ஐந்து பேர்கூடத் தேறுவதில்லை. தேறாதவை அங்கேயே இறந்துவிடுகின்றன.

தேர்வில் கேட்கப்படுவது இதுதான்: உன் மேற்பரப்பில் உள்ள உணர்வி நம் சொந்த உடலின் புரதங்களை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது? தைமஸின் உட்பகுதியில் உள்ள சில உயிரணுக்கள், இன்சுலின் போன்ற மற்ற உறுப்புகளின் புரதங்களையும் சிறிதளவு தயாரித்துக் காட்டுகின்றன. மிக இறுக்கமாகப் பிடிக்கும் டி உயிரணு ஆபத்தானது, அது அழிக்கப்படும். மெல்லப் பிடிப்பவை சாதாரண டி உயிரணுக்களாகி வெளியேறும். இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையில், ஓரளவு இறுக்கமாகப் பிடிப்பவற்றுள் சில ஃபாக்ஸ்பி3 மரபணுவை இயக்கிக்கொண்டு டி-ரெக் ஆகின்றன.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது, கவனியுங்கள். டி-ரெக் நம் சொந்தப் புரதங்களை நன்றாக அடையாளம் காணும் உயிரணு. எங்கே நம் உடலின் புரதம் தவறாகத் தாக்கப்படக்கூடுமோ, அங்கே நின்று காவல் காக்க இதைவிடப் பொருத்தமான ஆள் வேறு யார்?

தைமஸை விட்டு வெளியேறும்போது ஒரு வேதிப்பொருள் அதற்கு வழிகாட்டுகிறது. எஸ்1பி என்பது அதன் பெயர். இது ஒரு வகைக் கொழுப்பு மூலக்கூறு. இரத்தத்திலும் நிணநீரிலும் நிறைய இருக்கும். திசுக்களுக்குள் மிகக் குறைவாக இருக்கும். பக்குவமடைந்த உயிரணு எஸ்1பி அதிகமுள்ள திசையை உணர்ந்து நகர்ந்து இரத்தத்தில் இறங்கிவிடுகிறது. எஸ்1பி என்ற பெயரை நினைவில் வையுங்கள். மறுபடியும் வரும்.

நெடுஞ்சாலையிலிருந்து சாவடி வழியாக

இரத்த ஓட்டம் டி-ரெக்குக்கு ஒரு நெடுஞ்சாலை. அங்கே அது தங்குவதில்லை. உடலில் உள்ள மொத்த நிண அணுக்களில் சுமார் 2 விழுக்காடு மட்டுமே எந்த நேரத்திலும் இரத்தத்தில் இருக்கும். மற்றவை கணுக்களிலும் மண்ணீரலிலும் குடலிலும் பிற திசுக்களிலும் இருக்கின்றன. கிளினிக்கில் உங்கள் கையிலிருந்து எடுக்கும் இரத்தம், அந்தக் கூட்டத்தில் சாலையில் போய்க்கொண்டிருந்த சிலரை மட்டுமே காட்டுகிறது.

ஓடும் இரத்தத்திலிருந்து கணுவுக்குள் நுழைவது எளிதன்று. இரத்தத்தின் வேகத்தில் அடித்துக்கொண்டு போகும் உயிரணு சரியான இடத்தில் வேகம் குறைத்து, நின்று, சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். அதற்கென்றே கணுக்களுக்குள் தனி வகை நுண்சிரைகள் இருக்கின்றன. மற்ற இரத்தக் குழாய்களின் உட்சுவர் உயிரணுக்கள் தட்டையாக இருக்கும். இவற்றின் உட்சுவர் உயிரணுக்கள் உப்பிப் பருத்து நிற்கும். நெடுஞ்சாலைச் சாவடி போன்ற இந்த இடத்தில் மூன்று சோதனைகள் உண்டு.

முதலாவது, வேகம் குறைத்தல். டி-ரெக்கின் மேற்பரப்பில் எல்-செலக்டின் என்னும் புரதம் இருக்கிறது. அது சுவரில் உள்ள சர்க்கரை மூலக்கூறுகளை ஒட்டிப் பிடிக்கும், விடும், மறுபடியும் பிடிக்கும். அதனால் உயிரணு சுவர் ஓரமாக உருள ஆரம்பிக்கிறது.

இரண்டாவது, அனுமதிச் சீட்டு. கணுவின் உள்ளிருந்து சிசிஎல்21 என்னும் வேதிச் சமிக்ஞை வந்து சுவரில் ஒட்டியிருக்கும். அதை உணரும் சிசிஆர்7 என்னும் உணர்வி டி-ரெக்கிடம் இருக்க வேண்டும். டச் அண்ட் கோ அட்டையைக் காட்டுவது போலத்தான். அட்டை இல்லையென்றால் உருண்டுகொண்டே போய்விட வேண்டியதுதான்.

மூன்றாவது, பிரேக். சமிக்ஞை சரியாகப் பொருந்தியதும் எல்எஃப்ஏ-1 என்னும் இன்னொரு புரதம் வடிவம் மாறி, சுவரை இறுகப் பிடித்துக்கொள்கிறது. உயிரணு நின்றுவிடுகிறது. பிறகு உடலை நெளித்துச் சுவரைத் தாண்டிக் கணுவுக்குள் நுழைகிறது.

சாதாரண டி உயிரணுக்களும் இதே வழியில்தான் வருகின்றன. சமாதானப் படையும் சண்டைப் படையும் ஒரே சாவடியைக் கடந்து ஒரே மண்டபத்தில் கூடுகின்றன. இது தற்செயல் அல்ல. சண்டை தொடங்கும் இடத்திலேயே அதை அடக்கும் ஆளும் இருக்க வேண்டும்.

கணுவுக்குள் ஒரு நாள்

2002ஆம் ஆண்டு வரை கணுவுக்குள் உயிரணுக்கள் பெரும்பாலும் அசையாமல் உட்கார்ந்திருக்கும் என்ற எண்ணம்தான் இருந்தது. நுண்ணோக்கியில் பார்த்தவை எல்லாம் வெட்டிப் பதப்படுத்திய திசுத் துண்டுகள். அந்த ஆண்டில், கலிபோர்னியாவின் எர்வைன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இரண்டு ஃபோட்டான் நுண்ணோக்கி என்னும் புதிய கருவியால் உயிருள்ள எலிக் கணுவுக்குள் எட்டிப் பார்த்தார்கள். உள்ளே ஒரே பரபரப்பு! டி உயிரணுக்கள் நிமிடத்துக்குச் சுமார் 10 மைக்ரோமீட்டர் வேகத்தில், தங்கள் உடல் நீளத்தைத் தாண்டித் தாண்டி நடந்துகொண்டிருந்தன.

ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். நிமிடத்துக்கு 10 மைக்ரோமீட்டர் என்றால் மணிக்கு 600 மைக்ரோமீட்டர். 12 மணி நேரத்தில் 7,200 மைக்ரோமீட்டர், அதாவது 7.2 மில்லிமீட்டர். நமக்கு அது விரல் நகத்தின் அகலம்கூட இல்லை. ஆனால், சுண்டைக்காய் அளவுள்ள ஒரு கணுவுக்குள், அந்தத் தூரத்தை வளைந்து வளைந்து கடக்கும் உயிரணு எத்தனையோ அணுக்களைத் தொட்டுப் பார்த்துவிடும்.

அவை நடப்பதற்குப் பாதையும் இருக்கிறது. கணுவின் உள்ளே ஒரு வகை நார் உயிரணுக்கள் வலை போலப் பின்னியிருக்கின்றன. அந்த வலையில்தான் டென்டிரிடிக் உயிரணுக்களும் உட்கார்ந்திருக்கின்றன. மரக்கிளை போல நீட்சிகள் கொண்ட இவை உடலின் செய்தியாளர்கள். தோலிலும் குடலிலும் கண்டதை எடுத்துக்கொண்டு நிணநீர் வழியாகக் கணுவுக்கு வந்து டி உயிரணுக்களிடம் காட்டும். கிருமியின் துண்டையும் காட்டும்; சில நேரம் நம் சொந்தப் புரதத்தின் துண்டையும் காட்டும்.

இப்போது சிக்கல் புரிகிறதா? சொந்தப் புரதத்தைக் காட்டும் டென்டிரிடிக் உயிரணுவைத் தைமஸ் தேர்வில் தப்பித் தவறித் தேறிவிட்ட ஒரு டி உயிரணு சந்தித்தால், தவறான போர் தொடங்கிவிடும். அமெரிக்காவில் பெத்தெஸ்டா நகரில் உள்ள தேசியச் சுகாதார ஆய்வுக் கழகத்தின் விஞ்ஞானிகள் 2015இல் இதைப் படம் பிடித்துக் காட்டினார்கள். அப்படித் தூண்டப்பட்ட ஒரு டி உயிரணு இன்டர்லூக்கின்-2 என்னும் ஊக்கப் பொருளைச் சுரக்கத் தொடங்கும் இடத்தைச் சுற்றி, டி-ரெக்குகள் சிறு கூட்டமாக நெருங்கி நின்றன.

அங்கே அவை என்ன செய்கின்றன? இன்டர்லூக்கின்-2 டி உயிரணு பெருகுவதற்கான தீனி. சகாகுச்சி கண்டுபிடித்த சிடி25, அந்தத் தீனியை உறிஞ்சும் உணர்வியின் ஒரு பகுதி. டி-ரெக்கிடம் அது நிறைய இருப்பதால், அக்கம் பக்கத்தில் உள்ள தீனியை அதுவே உறிஞ்சிவிடும். இரண்டாவதாக, சிடிஎல்ஏ-4 என்னும் புரதத்தால் டென்டிரிடிக் உயிரணுவின் மேலிருக்கும் தூண்டுதல் மூலக்கூறுகளைப் பிடுங்கித் தனக்குள் இழுத்துக்கொள்ளும். தூண்டுகோல் போய்விட்டால் செய்தியாளரின் பேச்சு எடுபடாது. மூன்றாவதாக, இன்டர்லூக்கின்-10 போன்ற அமைதிப்படுத்தும் பொருள்களைச் சுரக்கும். முதல் இரண்டு வேலைகளுக்கும் டி-ரெக் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். தூரத்தில் நின்று எதுவும் செய்ய முடியாது.

இதற்குச் சான்றாக 2007இல் வெளிவந்த ஒரு சோதனையைச் சொல்லலாம். சிசிஆர்7 என்னும் அனுமதி அட்டை இல்லாத டி-ரெக்குகளை ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். கண்ணாடித் தட்டில் மற்ற டி உயிரணுக்களோடு சேர்த்து வைத்தபோது, அவை வழக்கம் போல அடக்கின. எலியின் உடலுக்குள் செலுத்தியபோது கடமையில் தவறின. திறமை இருந்தும் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகவில்லை.

வெளியேறும் வாசல்

கணுவில் ஓர் உயிரணு தங்குவது ஏறக்குறைய அரை நாள் முதல் ஒரு நாள் வரைதான். பிறகு கிளம்பிவிடும். எப்போது கிளம்ப வேண்டும் என்று அதற்கு எப்படித் தெரியும்?

எஸ்1பி மறுபடியும் வருகிறது. இரத்தத்தில் எஸ்1பி நிறைய இருப்பதால், அங்கே மிதக்கும் உயிரணு தன் எஸ்1பி உணர்வியை உள்ளே இழுத்துக்கொள்கிறது. கணுவுக்குள் எஸ்1பி குறைவு. சில மணி நேரத்தில் உணர்வி மெல்ல மெல்ல மேற்பரப்புக்குத் திரும்புகிறது. திரும்பியதும், கணுவின் வெளியேறும் பாதையில் உள்ள எஸ்1பியை உணர்ந்து அந்தப் பக்கம் நகர்கிறது. ஒரு கடிகாரமும் ஒரு திசைகாட்டியும் ஒரே மூலக்கூறில்!

கிருமி வந்துவிட்டால் நிலைமை மாறும். கணுவில் உள்ள உயிரணுக்கள் சிடி69 என்னும் புரதத்தை உருவாக்கி எஸ்1பி உணர்வியை உள்ளேயே அடைத்துவிடுகின்றன. உள்ளே வருவோர் வந்துகொண்டே இருப்பார்கள், வெளியேறும் வாசல் சில நாள்களுக்கு அடைபட்டிருக்கும். பாட்டி சொன்ன நெறி கட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தக் கதவை மருந்தாலும் பூட்டலாம். பூச்சிகளின் உடலில் வளரும் ஒரு பூஞ்சையில் கிடைத்த பொருளை ஜப்பானிய விஞ்ஞானிகள் ஆராய்ந்து மாற்றியமைத்தார்கள். அதிலிருந்து பிறந்த ஃபிங்கோலிமோட் என்னும் மாத்திரை, எஸ்1பி உணர்வியை மறையச் செய்து நிண அணுக்களைக் கணுக்களிலேயே தங்க வைக்கிறது. மூளையின் நரம்பு உறைகளைச் சொந்த அணுக்களே தாக்கும் மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் நோய்க்கு, 2010இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது.

சரி, வெளியேறிய டி-ரெக் எங்கே போகிறது? நிணநீர் நாளங்கள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து மார்பு நாளம் என்னும் பெரிய குழாயாகி, இடது கழுத்தெலும்புக்குப் பின்னால் இரத்தச் சிரையில் கலக்கிறது. உயிரணு மறுபடியும் நெடுஞ்சாலைக்கு வந்துவிட்டது. ஆக்ஸ்ஃபர்டில் ஜேம்ஸ் கோவன்ஸ் என்பவர் 1950களில் இந்தச் சுழற்சியைக் கண்டுபிடித்தார். எலியின் மார்பு நாளத்திலிருந்து நிணநீரைத் தொடர்ந்து வடித்தபோது, அதில் வரும் அணுக்களின் எண்ணிக்கை நாளுக்கு நாள் குறைந்தது. வடித்த அணுக்களை இரத்தத்தில் திரும்பச் செலுத்தியபோது எண்ணிக்கை மீண்டது. அதுவரை புதிது புதிதாகப் பிறந்து வருவதாக நினைத்த அணுக்கள், உண்மையில் அதே அணுக்கள்தாம். சுற்றிச் சுற்றி வருகின்றன!

ஒவ்வோர் ஊருக்கும் ஒரு முகவரி

எல்லா டி-ரெக்கும் கணு விட்டுக் கணு சுற்றிக்கொண்டே இருப்பதில்லை. கணுவில் தூண்டப்பட்ட டி-ரெக் சாவடி அட்டையைக் குறைத்துக்கொண்டு வேறு முகவரிகளைப் பெறுகிறது. சில, கணுவின் உள்ளேயே பி உயிரணுக்கள் வாழும் பகுதிக்குப் போய், தவறான எதிர்பொருள்கள் உருவாகாமல் கவனிக்கின்றன. சில தோலுக்குப் போகின்றன. சில மண்ணீரலில் தங்குகின்றன. மண்ணீரலுக்குள் நுழையச் சாவடி நுண்சிரை கிடையாது. இரத்தம் நேராக உள்ளே பாய்வதால் அணுக்களும் அதனுடன் வந்து சேர்கின்றன.

குடலுக்குப் போகும் முகவரியை எழுதித் தருவது ஒரு வைட்டமின் என்றால் நம்புவீர்களா? குடலைச் சார்ந்த கணுக்களில் உள்ள டென்டிரிடிக் உயிரணுக்கள், நாம் உண்ணும் வைட்டமின் ஏ-யை ரெட்டினாயிக் அமிலமாக மாற்றுகின்றன. அது பட்ட டி உயிரணுக்கள் குடல் சுவரை அடையாளம் காணும் உணர்விகளை அணிந்துகொள்கின்றன. முருங்கைக்கீரையிலும் கேரட்டிலும் உள்ள நிறமியிலிருந்து நம் உடல் வைட்டமின் ஏ-யைத் தயாரித்துக்கொள்ளும். அதற்காக வைட்டமின் ஏ மாத்திரையை வாங்கி விழுங்கிவிடாதீர்கள். அளவு மீறினால் அது கல்லீரலைப் பாதிக்கும். சாப்பாட்டில் கிடைப்பது போதும்.

குடலில் டி-ரெக் அவ்வளவு முக்கியமா? யோசித்துப் பாருங்கள். தினமும் சோறு, மீன், பால், கடலை என்று எத்தனையோ அந்நியப் புரதங்கள் உள்ளே போகின்றன. கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் அங்கேயே குடியிருக்கின்றன. ஒவ்வொன்றோடும் போர் தொடுத்தால் குடல் புண்ணாகிவிடும்.

நிறம் மாறிய உயிரணுக்கள்

திசுவுக்குப் போன டி-ரெக் கணுவுக்குத் திரும்பி வருமா? இதற்கு விடை சொன்னது ஒரு பவளம். ஜப்பானின் ரிகென் ஆய்வு நிலையத்தில் ஒரு பவள உயிரியிலிருந்து பச்சையாக ஒளிரும் புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். ஒரு நாள் இரவு அதன் மாதிரி ஒன்று மேசை மேலேயே விடப்பட்டது. மறுநாள் பார்த்தால் சிவப்பாகியிருந்தது! ஊதா ஒளி பட்டால் பச்சை சிவப்பாக மாறுகிறது என்று கண்டுபிடித்தார்கள். இலையுதிர் காலத்தில் சிவக்கும் மேப்பிள் இலையின் ஜப்பானியப் பெயரான கெய்டே என்பதையே அதற்கு வைத்தார்கள்.

பிறகு, உடல் முழுவதும் கெய்டே புரதம் உள்ள எலிகளை உருவாக்கினார்கள். எலியின் தோலில் ஓர் இடத்தில் மட்டும் ஊதா ஒளியைப் பாய்ச்சினால் அங்குள்ள உயிரணுக்கள் மட்டும் சிவக்கும். மறுநாள் கணுவில் சிவப்பு உயிரணு இருந்தால், அது தோலிலிருந்து வந்தது என்று பொருள். 2010இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்த உத்தியால் ஒன்றைக் கண்டார்கள். தோல் அழற்சியின்போது தோலிலிருந்து கணுவுக்குத் திரும்பும் டி உயிரணுக்களில் பெரும்பங்கு டி-ரெக்குகள்தாம். சண்டை நடக்கும் இடத்தைப் பார்த்துவிட்டு, ஆள் அனுப்பும் தலைமையகத்துக்கே வந்து "போதும்" என்று சொல்வது போல, அவை கணுவில் எதிர்ப்பு வினையைத் தணித்தன.

நமக்கு இதில் என்ன?

முதல் வகை நீரிழிவு உள்ள ஒரு நண்பர் உங்கள் வகுப்பில் இருக்கலாம். இனிப்பு அதிகம் சாப்பிட்டதால் வந்த நோய் அன்று அது. இன்சுலின் சுரக்கும் உயிரணுக்களைச் சொந்த டி உயிரணுக்களே அழித்ததால் வந்தது. அவரைப் பார்த்து யாராவது தவறாகப் பேசினால் இதை எடுத்துச் சொல்லுங்கள். லூபஸ், முடக்குவாதம் போன்றவையும் இதே குடும்பம்.

ஒருவரின் இரத்தத்திலிருந்து டி-ரெக்குகளைப் பிரித்து, ஆய்வுக்கூடத்தில் பெருக்கி, அவருக்கே திருப்பிச் செலுத்தும் சிகிச்சை இப்போது பரிசோதிக்கப்பட்டு வருகிறது. மாற்று உறுப்பு பெற்றவர்களுக்கும் இது உதவுமா என்று பார்க்கிறார்கள். செலுத்திய அணுக்கள் சரியான முகவரிக்குப் போகுமா என்பதுதான் அங்கே பெரிய கேள்வி.

புற்றுநோயில் கதை தலைகீழாகிறது. சில கட்டிகள் வேதிச் சமிக்ஞைகளை வெளியிட்டு டி-ரெக்குகளைத் தம்மிடம் வரவழைத்து, அவற்றின் பின்னால் ஒளிந்துகொள்கின்றன. தாக்க வேண்டிய அணுக்கள் அடங்கிவிடுகின்றன. அங்கே டி-ரெக்கின் வருகையைத் தடுப்பதே மருத்துவர்களின் நோக்கம். சமாதானமும் தவறான இடத்தில் நின்றால் தீமைதான்.

அடுத்த முறை தாடைக்குக் கீழே நெறி கட்டினால் அழுத்திக் கசக்க வேண்டாம். காய்ச்சலும் புண்ணும் ஆறினால் அது வற்றிவிடும். இரண்டு வாரம் கடந்தும் வற்றாமலோ, வலியில்லாமல் பெருத்துக்கொண்டோ இருந்தால் பெற்றோரிடம் சொல்லி மருத்துவரைப் பாருங்கள். மற்றபடி, அந்தச் சின்னக் கட்டிக்குள் போரிட வந்தவர்களும் போரை நிறுத்த வந்தவர்களும் ஒரே வாசலில் நுழைந்து வேலை செய்துகொண்டிருக்கிறார்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சொற்களை அறிவோம்

நிணநீர்: திசுக்களிலிருந்து வடிந்து, தனி நாளங்கள் வழியே இரத்தத்துக்குத் திரும்பும் நீர்.
நிணநீர்க் கணு: நிணநீர்ப் பாதையில் உள்ள, அவரை விதை வடிவச் சிற்றுறுப்பு, நெறி.
டி-ரெக்: எதிர்ப்பு வினையைக் கட்டுப்படுத்தும் டி உயிரணு.
சிசிஆர்7: கணுவுக்குள் நுழைய உதவும் உணர்வி.
எஸ்1பி: கணுவை விட்டு வெளியேற வழிகாட்டும் கொழுப்பு மூலக்கூறு.

சிந்தித்துப் பாருங்கள்

1. ஃபிங்கோலிமோட் சாப்பிடும் ஒருவரின் இரத்தத்தைச் சோதித்தால் நிண அணுக்களின் எண்ணிக்கை கூடியிருக்குமா, குறைந்திருக்குமா? ஏன்?
2. ஃபாக்ஸ்பி3 மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஐபெக்ஸ் நோய் ஆண் குழந்தைகளையே அதிகம் பாதிப்பதற்கு இதைக் கொண்டு விளக்கம் எழுதுங்கள்.